17 போட்டால் வண்டி 2 அங்குலம் உயருமாம்!

செக்காலை சிட்டி:
நேற்று ராத்திரி நம் வட்டார வண்டிக் குழுவில் பள்ளத்தூர் 17 எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே போய்விட்டது. படிக்காதவர்களுக்காக அப்படியே தருகிறேன்: “15 அங்குல ரிம்மைக் கழற்றிவிட்டு 17 போட்டால் வண்டி 2 அங்குலம் உயரும். அதனால் ஸ்பிரிங்கை இறக்கியே ஆகணும். இறக்காமல் 17 போட்டவன் வண்டி வைக்கோல் வண்டிதான்.” இதற்குக் கைதட்டல் வேறு. வைக்கோல் வண்டி என்றது யாரை என்று எனக்குத் தெரியாதா? இந்த ஊரில் இறக்காமல் 17 போட்ட வெள்ளை ஹோண்டா சிட்டி கார் எத்தனை ஓடுகிறது?

சரி, கணக்குக்கு வருவோம். என்னுடையது 2014 மாடல். கம்பெனியில் வந்தது 175/65 ஆர்15. 175 மி.மீ. டயரின் அகலம், அதில் 65 சதவீதம் சைடுவால், அதாவது டயரின் பக்கச் சுவர் உயரம், 113.75 மி.மீ., அது மேலே ஒன்று கீழே ஒன்று, ஆக 227.5. நடுவில் ரிம் 15 அங்குலம் என்றால் 381. மொத்தக் குறுக்களவு 608.5 மி.மீ. இப்போது நான் போட்டிருப்பது 205/45 ஆர்17. அதே மாதிரி கூட்டினால் 616.3. வித்தியாசம் 7.8. அதில் பாதிதான் வண்டியைத் தூக்கும், மீதிப் பாதி அச்சுக்கு மேலே இருக்கிறது. ஆக 3.9 மி.மீ. பெரிய மனசு பண்ணி 4 என்றே வைத்துக்கொள்வோம். 4 மி.மீ.! மூன்று ஒரு ரூபாய்க் காசை அடுக்கினால் அவ்வளவுதான். இதற்காகவா ஐயா ஸ்பிரிங்கை மாற்றச் சொல்கிறீர்கள்?

பள்ளத்தூர் 17:
கணக்கு வாத்தியாருக்கு வணக்கம். நான் பேப்பரில் வண்டி ஓட்டுவதில்லை. மாற்றுவதற்கு முன்னால் மட்கார்டு விளிம்பிலிருந்து தரைக்கு டேப் பிடித்தேன், மாற்றிய பிறகும் அதே திண்ணைப் பக்கம் நிறுத்திப் பிடித்தேன். ஏறியிருந்தது. டேப் பொய் சொல்லாது. 4 மி.மீ. என்று சொன்னால் எங்கள் வீட்டுப் பூனைகூடச் சிரிக்கும்.

செக்காலை சிட்டி:
எவ்வளவு ஏறியது என்று ஒரு எண் சொல்லவில்லை பாருங்கள். “ஏறியிருந்தது.” முடிந்தது கதை. டேப் பொய் சொல்லாது, டேப் பிடிக்கிற கை சொல்லும். நான் வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்த மாதிரி எண் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் மறுபடி படியுங்கள். 4 மி.மீ.

இன்னொன்றும் சொல்கிறேன். இதே சிட்டியில் மேல் மாடலுக்குக் கம்பெனியே 16 அங்குலம் கொடுத்தது, 185/55 ஆர்16. அதன் குறுக்களவு 609.9. கீழ் மாடலைவிட 1.4 மி.மீ.தான் கூட. ரிம் 1 அங்குலம் பெரிதாயிற்றே, வண்டி உயர்ந்ததா? ரிம் பெரிதாகப் பெரிதாக டயரின் சைடுவால் சிறிதாகும், மொத்தம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இது ஒன்றும் ராக்கெட் விடுகிற வித்தை இல்லை.

அரியக்குடி அக்கா:
இந்தச் சண்டையில் எனக்கு மில்லிமீட்டர் தெரியாது தம்பிகளா, ஆனால் இறக்கிய வண்டி ஒன்று எங்கள் வீட்டில் நிற்கிறது. என் வீட்டுக்காரர் போன ஆடியில் மதுரையில் ஒரு பட்டறையில் விட்டு 40 மி.மீ. இறக்கிக்கொண்டு வந்தார். எங்கள் வீடு பழைய வீடு, முகப்பு தெருவைவிட நாலடி உயரம், பின்கட்டுத் தெருவில் வண்டிக்கொட்டகை. கொட்டகைக்கு முன்னால் சாக்கடை மேல் இரும்புப் பலகை சாய்வாகப் போட்டிருக்கும். முதல் நாள் ஏறும்போதே முன் பம்பர் அந்தப் பலகை விளிம்பில் “கர்ர்ர்” என்று ஒரு சத்தம். எங்கள் அப்பத்தா உள்ளே வளவில் முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தவர் உரலை உருட்டுகிறார்களோ என்று எழுந்து வந்துவிட்டார். இப்போது வண்டி தெருவில்தான் நிற்கிறது, காக்காய் எச்சத்தோடு. அழகு அழகு என்கிறீர்களே, அழகு தெருவில் நிற்கிறது.

பள்ளத்தூர் 17:
அக்கா, அது பலகையின் சாய்வுக் குறை, வண்டியின் குறை இல்லை. பலகையை இன்னும் 2 அடி நீட்டிப் போடச் சொல்லுங்கள்.

அரியக்குடி அக்கா:
பலகையை நீட்டினால் எதிர்வீட்டுத் திண்ணையில் போய் முட்டும் அப்பு.

செக்காலை சிட்டி:
அக்கா சொன்னதைக் கவனியுங்கள். இது இறக்கியதால் வந்த வினை. இறக்கச் சொன்னது எதனால்? வண்டி உயர்கிறது என்று ஒருவர் கிளப்பிவிட்ட புரளியால். உயர்கிறதா? 4 மி.மீ. நான் இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன், எனக்கு அலுக்காது.

கே.எல். காரைக்குடி:
இங்கே மலேசியாவில் 18 போட்டு 50 மி.மீ. இறக்கித்தான் ஓட்டுகிறோம், ஒரு தொந்தரவும் இல்லை. நம் ஊர் ஆட்களுக்கு எதற்கெடுத்தாலும் பயம்.

கோட்டையூரான்:
அங்கே சாலை கண்ணாடி மாதிரி இருக்கும் அண்ணே. பொங்கலுக்கு வாங்க, உங்கள் வண்டியைக் கப்பலில் போட்டே கொண்டு வாங்க, தேவகோட்டை ரஸ்தாவிலிருந்து கோட்டையூர் வரை நான் வழிகாட்டுகிறேன். போய்ச் சேரும்போது இன்ஜின் எண்ணெய்ச் சட்டி யார் கையில் இருக்கிறது பார்ப்போம்.

கே.எல். காரைக்குடி:
ஊரை விட்டுப் போனவன் பேசக்கூடாது என்று சட்டமா? கோயில் திருப்பணிக்கு மட்டும் கே.எல். நம்பர் ஞாபகம் வரும் உங்களுக்கு.

கோட்டையூரான்:
திருப்பணியை ஏன் இதில் இழுக்கிறீர்கள்? நீங்கள் கொடுத்ததைக் கல்வெட்டில்தான் வெட்டியாகிவிட்டதே.

தேவகோட்டை லேத்:
நான் 26 வருஷம் இந்த வேலை பார்க்கிறேன். யாரும் கேட்காததைச் சொல்கிறேன். இறக்குவது இறக்குவது என்கிறீர்களே, எப்படி இறக்கினீர்கள்? நம் பக்கம் பாதிப் பேர் ஸ்பிரிங்கைக் கழற்றிக்கொண்டு வந்து “அண்ணே ஒரு சுற்று வெட்டிவிடுங்க” என்கிறார்கள். 6 சுற்று வேலை செய்கிற ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் மீதி 5 சுற்று, அது 20 சதவீதம் கூடுதல் விறைப்பாகிவிடும். ஷாக் அப்சார்பர் பழைய விறைப்புக்குச் செய்தது, அதனால் ஸ்பிரிங்கின் உதறலைப் பிடித்து அடக்க முடியாது. வண்டி தவளை மாதிரி துள்ளும். இதில் சிலர் கேஸ் கட்டிங் வைத்து வெட்டுகிறார்கள், சூடு பட்ட இடத்தில் இரும்பின் பதம் போய்விடும், பிறகு அது ஸ்பிரிங் இல்லை, கம்பி. வெட்டிய ஸ்பிரிங் உயரம் குறைந்துவிட்டதால் ஜாக்கி வைத்துத் தூக்கும்போது இருப்பிடத்தை விட்டு நழுவும். பள்ளத்தில் சக்கரம் தொங்கி இறங்கும்போதும் அதே கதைதான். நான் வெட்டித் தருவதில்லை. வெட்டாத காரணத்தால் நான் இழந்த கூலிக்கு ஒரு கொட்டகை கட்டியிருக்கலாம்.

பள்ளத்தூர் 17:
அண்ணே, உங்கள் மேல் மரியாதை உண்டு. நான் வெட்டவில்லை. இறக்குவதற்கென்றே செய்து விற்கிற ஸ்பிரிங், 40 மி.மீ. இறக்கம். காசு கொடுத்து வாங்கியது. சிலரைப் போல ஓசி ஜாக்கியில் மாட்டியதும் இல்லை.

செக்காலை சிட்டி:
ஓசி ஜாக்கியா? வந்துவிட்டது வாயிலிருந்து. 2 வருஷத்துக்கு முன்னால் திருமயம் தாண்டி இவர் வண்டி பஞ்சராகி நின்றபோது என்னுடைய 2 டன் ஹைட்ராலிக் ஜாக்கியை எடுத்துக்கொண்டு ராத்திரி 11 மணிக்கு ஓடினேன். அது இன்னும் பள்ளத்தூரில்தான் இருக்கிறது. அதை வைத்துத்தான் இவர் 17 மாட்டியிருப்பார். என் ஜாக்கியில் ஏறி நின்றுகொண்டு என் வண்டியை வைக்கோல் வண்டி என்கிறார். காலம் கலிகாலம்.

பள்ளத்தூர் 17:
அந்த ஜாக்கியில் எண்ணெய் ஒழுகுகிறது. ஒழுகுகிற ஜாக்கியைக் கொடுத்ததற்கு நான்தான் உங்களிடம் நஷ்டஈடு கேட்கணும்.

செக்காலை சிட்டி:
கொடுக்கும்போது ஒழுகவில்லை.

சிக்ரி ரோடு:
ஒரு சின்னக் கேள்வி. பள்ளத்தூர் 17, உங்கள் டயர் சைஸ் என்ன? 17 என்பது ரிம்தானே. அதன் மேல் என்ன டயர்? அதைச் சொன்னால் இந்த இழையே முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

பள்ளத்தூர் 17:
17 என்றால் 17தான். பெயரிலேயே போட்டிருக்கிறேன்.

ஐயா வீட்டு அம்பாசடர்:
எங்கள் ஐயா வைத்திருந்த அம்பாசடருக்கும் 15 அங்குலம்தான், 5.90-15 என்று டயரில் எழுதியிருக்கும். குன்றக்குடி சண்முகநாதனைப் பார்க்க ஒரே வண்டியில் 9 பேர் போயிருக்கிறோம், 2 பேர் மடியில். ஏற்றவும் இல்லை இறக்கவும் இல்லை, எங்கேயும் அடி தட்டியதாக எனக்கு நினைவில்லை. 2014இல் அந்த வண்டி தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். அதே வருஷம் வந்த வண்டிக்காக இப்போது நீங்கள் அடித்துக்கொள்கிறீர்கள். என்னவோ போங்கள்.

கோட்டையூரான்:
9 பேர் ஏறினால் அதுவே 40 மி.மீ. இறங்கியிருக்கும் ஐயா. பட்டறைச் செலவு மிச்சம்.

செக்காலை சிட்டி:
சிக்ரி ரோடு நல்ல கேள்வி கேட்டார், பதில் வரவில்லை, எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். நான் சைஸ் சொல்லிவிட்டேன். 205/45 ஆர்17. அதனால்தான் 4 மி.மீ. என்று என்னால் தைரியமாகச் சொல்ல முடிகிறது.

அப்புறம் அந்த “வைக்கோல் வண்டி” பார்வைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். சின்ன ரிம்மில் டயர் கறுப்பு, மட்கார்டு உள்பக்கமும் கறுப்பு, இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும், இடைவெளி கண்ணில் படாது. பளபள அலாய் ரிம் பெரிதாக வந்து கறுப்பு வளையம் மெலிந்ததும் அந்தப் பழைய இடைவெளி பல்லைக் காட்டும். வண்டி உயரவில்லை, உங்கள் கண் இப்போதுதான் திறந்திருக்கிறது. என் வண்டியில் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் முன்னால் 4 விரல் போனது, இப்போதும் 4 விரல் போகிறது. அந்த 4 மி.மீ. விரலுக்குத் தெரியாது.

பள்ளத்தூர் 17:
என் வண்டியில் ஒரு விரல் போகாது. அதுதான் வண்டி. 4 விரல் இடைவெளியில் குருவி கூடு கட்டும்.

அரியக்குடி அக்கா:
குருவியாவது கட்டட்டும், ஊரில் குருவியே இல்லை.

தேவகோட்டை லேத்:
ஒரு விரல் போகாதா? அப்படியானால் பின்னால் 3 பேர் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கினால் டயர் எங்கே போகும் தம்பி? உள் பிளாஸ்டிக்கில் தேய்க்கும். தேய்க்கிறதா இல்லையா, உண்மையைச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் 17:
கண்டனூர் வளைவில் மட்டும் கொஞ்சம் “சரக்” என்று கேட்கும். பிளாஸ்டிக்கை ஓரம் செதுக்கிவிட்டேன். இப்போது பரவாயில்லை.

செக்காலை சிட்டி:
ஆஹா! செதுக்கினாராம்! சிலை செய்கிறாரா வண்டி ஓட்டுகிறாரா?

சிக்ரி ரோடு:
ஒரு விரல் போகவில்லை, உள்ளே தேய்க்கிறது, டேப் பிடித்தால் ஏறியிருக்கிறது. எனக்குச் சந்தேகம் 205/55 ஆர்17. கணக்குப் போட்டேன். குறுக்களவு 657.3. பழைய 608.5ஐக் கழித்தால் 48.8 மி.மீ., அதாவது ஏறக்குறைய 2 அங்குலம். ஆனால் வண்டி உயர்வது அதில் பாதி, 24 மி.மீ. சொச்சம், 1 அங்குலம். ஆக இவர் 2 அங்குலம் என்றது குறுக்களவை, அவர் 4 மி.மீ. என்றது வேறு டயரின் உயர்வை. இரண்டு பேரும் வெவ்வேறு பொருளை அளந்துகொண்டு சண்டை போடுகிறீர்கள். கூடவே இன்னொன்று. சக்கரம் 8 சதவீதம் பெரிதானால் மீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 86இல் போகும், கவனம்.

பள்ளத்தூர் 17:
கேட்டீர்களா எல்லாரும்? ஏறுகிறது என்று சிக்ரி ரோட்டுக்காரரே சொல்லிவிட்டார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

செக்காலை சிட்டி:
என்ன சொன்னார்? உங்கள் 2 அங்குலத்தைப் பாதியாக வெட்டினார். பாதிதான் ஏறும் என்று நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறேன், போய்ப் பாருங்கள். அதுவும் 17 போட்டதால் ஏறவில்லை, லாரிக்கு மாட்டுகிற மாதிரி டயர் போட்டதால் ஏறியது. 17 போட்டால் எவ்வளவு ஏறும்? 4 மி.மீ.

பள்ளத்தூர் 17:
என் சைஸ் 55 என்று நான் எங்கேயாவது சொன்னேனா?

சிக்ரி ரோடு:
சரி, நான் வேலைக்குப் போகிறேன்.

ஐயா வீட்டு அம்பாசடர்:
போலீஸ் பிடிக்க மாட்டார்களா இதற்கெல்லாம்?

செக்காலை சிட்டி:
நல்ல வேளை ஞாபகப்படுத்தினீர்கள் ஐயா. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, வண்டியின் அமைப்பைக் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் 182ஏ சேர்த்தார்கள், அனுமதியில்லாமல் மாற்றினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை உள்ளே, அல்லது இரண்டும். பள்ளத்தூர்க்காரர் நான்கு ஸ்பிரிங் மாற்றியிருக்கிறார். அது ஒரு மாற்றமா நான்கு மாற்றமா என்று அவரே வக்கீலைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பள்ளத்தூர் 17:
கம்பெனி கொடுத்தது 15. உங்கள் வண்டியில் இருப்பது 17. நீங்கள் எந்தப் பிரிவில் வருவீர்கள் வக்கீல் ஐயா? இன்ஷூரன்ஸ்காரனிடம் 17 என்று எழுதிக் கொடுத்தீர்களா?

செக்காலை சிட்டி:
டயர் வேறு, ஸ்பிரிங் வேறு. 4 மி.மீ.க்கு எவனும் அபராதம் போட மாட்டான்.

கோட்டையூரான்:
இவர் மாற்றினால் ரசனை, அவர் மாற்றினால் 182ஏ. நல்லா இருக்கு அண்ணே நியாயம்.

செக்காலை சிட்டி:
கோட்டையூரான், நீங்கள் யார் பக்கம் என்று முதலில் முடிவு பண்ணுங்கள். போன வருஷம் கானாடுகாத்தான் கல்யாணத்தில் இதே பள்ளத்தூர் வண்டி வேகத்தடையில் வயிறு மாட்டி ஊஞ்சல் ஆடியபோது பின்னால் தள்ளியது நீங்களும் நானும்தான். மாப்பிள்ளை உள்ளே உட்கார்ந்திருந்தார், மாலையோடு இறங்கி நின்றார் பாவம். நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். அன்றைக்கு என் வேட்டியில் பட்ட கிரீஸ் இன்னும் போகவில்லை.

பள்ளத்தூர் 17:
அந்த வேகத்தடை யாரோ ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டது. வேகத்தடையா அது, வரப்பு. கணக்குப் புலிக்கு நானும் ஒரு கணக்குத் தருகிறேன். இந்தியச் சாலைப் பேரவை விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், வளைவு 17 மீட்டர் ஆரம். சிட்டிக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 2.6 மீட்டர். அப்படியென்றால் வண்டி நடுவில் நிற்கும்போது நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயே இருக்கும், நடு வயிற்றுக்கு வேண்டியது 5 செ.மீ.தான். கம்பெனி உயரம் 165 மி.மீ., நான் 40 இறக்கினாலும் 125 இருக்கிறது. விதிப்படி போட்ட வேகத்தடையில் இரண்டு மடங்குக்கு மேல் மிச்சம். தட்டினால் தப்பு யாருடையது?

செக்காலை சிட்டி:
நிறுத்துங்கள், நிறுத்துங்கள். 165இல் 40 போனால் 125 என்கிறீர்கள். டயர் ஏற்றிய 2 அங்குலம் எங்கே? அதைக் கூட்டணுமே! 2 அங்குலம் ஏறியது உண்மையென்றால் 175 வரணும். இப்போது உங்கள் கணக்கிலேயே ஏற்றம் பூஜ்யம். உங்கள் வாயாலேயே 2 அங்குலத்தை விழுங்கிவிட்டீர்கள்.

கோட்டையூரான்:
பிடித்தாரய்யா!

பள்ளத்தூர் 17:
அது புரியட்டும் என்று எளிமையாகச் சொன்னது.

செக்காலை சிட்டி:
எளிமையாக 2 அங்குலத்தைத் தொலைத்துவிட்டார். வீட்டில் தேடிப் பாருங்கள், என் ஜாக்கி பக்கத்தில் கிடக்கும்.

தேவகோட்டை லேத்:
எல்லாம் இருக்கட்டும். இறக்கிய பிறகு அலைன்மென்ட் பார்த்தீர்களா? முன் சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாயும், டோ, அதாவது சக்கரம் நேராகப் பார்க்கிற கோணம், மாறிவிடும். டோவைத் திருத்தலாம், சாய்வைத் திருத்த இந்த வண்டியில் தனி போல்ட் போடணும், பின்னால் குறுக்குக் கட்டை அச்சு, அங்கே திருத்த வழியே இல்லை. போன மாதம் ஒரு வண்டி வந்தது, டயர் வெளிப்பக்கம் புதிது மாதிரி, பட்டன்கூடத் தேயவில்லை. நான் கீழே படுத்து உள்பக்கம் கைவிட்டுத் தடவினேன், கையில் கம்பி குத்தியது. 9,000 கிலோமீட்டர் ஓடிய டயர். வண்டிக்காரர் அதே டயரில் 120இல் திருச்சி போய்வந்ததைப் பெருமையாகச் சொல்கிறார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. யார் வண்டி என்று சொல்ல மாட்டேன்.

பள்ளத்தூர் 17:
அண்ணே, அது யார் வண்டி என்று சொல்லாதது வரைக்கும் சந்தோஷம்.

அரியக்குடி அக்கா:
எங்கள் வண்டியா அது லேத் அண்ணே? போன மாதம் இவர் தேவகோட்டைப் பக்கம் ஒரு வேலையென்று போனார்.

தேவகோட்டை லேத்:
தொழிலில் அதெல்லாம் சொல்லக்கூடாது ஆச்சி. ஆனால் டயரை உள்பக்கம் ஒருதரம் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அரியக்குடி அக்கா:
இதோ கேட்கிறேன். சாப்பிட வரட்டும்.

கே.எல். காரைக்குடி:
இங்கே இறக்கினால் சாய்வு சரிபார்த்துத்தான் வண்டியைக் கையில் கொடுப்பார்கள்.

கோட்டையூரான்:
வந்துட்டார்யா.

செக்காலை சிட்டி:
விஷயத்தை விட்டு விலக வேண்டாம். நாம் பேசுவது டயர் தேய்வது பற்றி இல்லை, பலகை பற்றி இல்லை, கே.எல். பற்றி இல்லை. “17 போட்டால் 2 அங்குலம் உயரும்” என்ற ஒரே ஒரு வரி பற்றி. அந்த வரியை எழுதியவர் இதுவரை சைஸ் சொல்லவில்லை, எவ்வளவு ஏறியது என்று சொல்லவில்லை, போட்டோ போடவில்லை. நான் இன்றைக்குக் காலையில் ஸ்டெப்னியில் கிடக்கும் பழைய 15ஐ எடுத்து வாசலில் 17க்குப் பக்கத்தில் நிறுத்தி, மேலே மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன். காற்று 32 வைத்து. பலகைக்கும் பழைய டயருக்கும் நடுவில் கட்டைவிரல் நகம்தான் நுழைந்தது. அது மொத்தக் குறுக்களவு வித்தியாசம், 8 மி.மீ. அதில் பாதி என்ன? பால்காரர் நின்று பார்த்துவிட்டு “என்ன தம்பி, டயருக்குப் பொண்ணு பார்க்கிறீங்களா” என்றார். அவருக்கும் விளக்கினேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

பள்ளத்தூர் 17:
பால்காரரை நடுவராக வைத்துக்கொண்டீர்களா, நல்லது. பாலில் தண்ணீர் எத்தனை மி.மீ. என்றும் கேட்டிருக்கலாம். நான் மறுபடியும் சொல்கிறேன். ஏறியது. கண்ணால் பார்த்தேன். இறக்கினேன். இப்போது வண்டி பார்க்கிறவன் திரும்பிப் பார்க்கிறான்.

செக்காலை சிட்டி:
திரும்பிப் பார்ப்பது “சரக்” சத்தம் கேட்டு.

புதுவயல் புதுசு:
அண்ணே வணக்கம், குழுவுக்குப் புதுசு. முழுக்கப் படித்தேன். நானும் 17 போடலாம் என்று இருக்கிறேன், என்னுடையதும் சிட்டி, ரிம்முக்கு 100 மி.மீ. வட்டத்தில் 4 போல்ட். வண்டியை இறக்கணுமா வேண்டாமா?

பள்ளத்தூர் 17:
இறக்கணும்.

செக்காலை சிட்டி:
வேண்டாம். 4 மி.மீ.தான்.

தேவகோட்டை லேத்:
முதலில் ஆஃப்செட் பார்த்து ரிம் வாங்குங்கள் தம்பி. டயர் மட்கார்டுக்கு வெளியே வந்துவிட்டால் இவர்கள் இரண்டு பேர் பேச்சும் உதவாது.

புதுவயல் புதுசு:
ஆஃப்செட் என்றால் என்ன அண்ணே?

செக்காலை சிட்டி:
அதற்குத் தனி இழை போடு தம்பி, இங்கே முக்கியமான விஷயம் ஓடிக்கொண்டிருக்கிறது. பள்ளத்தூர் 17, வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி, கொப்புடையம்மன் கோயில் பக்கம் வண்டியைக் கொண்டு வாருங்கள். டேப் நான் கொண்டு வருகிறேன். டயரில் எழுதியிருக்கிற சைஸை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிக்கணும்.

பள்ளத்தூர் 17:
ஞாயிறு எனக்குக் காதுகுத்து இருக்கிறது. வண்டி வாடகைக்குக் கேட்டிருக்கிறார்கள்.

செக்காலை சிட்டி:
பயம்.

பள்ளத்தூர் 17:
கானாடுகாத்தானிலேயே நான் பயப்படவில்லை.

அரியக்குடி அக்கா:
தடவிப் பார்த்துவிட்டார். கம்பி இருக்கிறதாம். பழைய ஸ்பிரிங்கைப் பட்டறையில் எடைக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறார் மனுஷன். யாரிடமாவது கம்பெனி ஸ்பிரிங் ஒரு செட் கிடந்தால் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் 17:
என்னிடம் கிடக்கிறது அக்கா. நான்கும் நல்ல நிலையில் இருக்கிறது. கொஞ்சம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

செக்காலை சிட்டி:
அக்கா, வாங்கப் போகும்போது அப்படியே அங்கே மூலையில் ஒரு சிவப்பு ஜாக்கி இருக்கும், அதையும் எடுத்து வந்துவிடுங்கள்.

பள்ளத்தூர் 17:
ஜாக்கி நீலம்.

செக்காலை சிட்டி:
சிவப்பு. நான் வாங்கியது எனக்குத் தெரியாதா? பில் இருக்கிறது. சிவப்பு.